மகள் சொல்வது வேறு இஎம்ஐ

அன்புள்ள ஐயா,

மூன்றாம் வருஷம் இஇஇ படிக்கும் மகள் ஐடி வேலை வேண்டாம், மின்சாரத்தை வேண்டிய வோல்ட்டுக்கு மாற்றித் தரும் பவர் கன்வெர்ட்டர்தான், அதிலும் இஎம்ஐதான் என்று அடம்பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். அது வங்கிக்குக் கட்டும் இஎம்ஐ இல்லை, மின்காந்த இடையூறு.

உங்கள் செல்போன் சார்ஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது. சார்ஜர் உள்ளங்கையில் அடங்குவது அதனால்தான். மின் இரைச்சல் கிளம்புவதும் அதனால்தான். இந்த வகை சார்ஜர்களில் 65 கிலோஹெர்ட்ஸ் ரொம்பவே வழக்கமான வேகம். ஏன் 65? மின்கம்பி வழியே போகும் இரைச்சலுக்கு சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு வகுத்த வரம்புகள் பெரும்பாலான சாதனங்களுக்கு 150 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்குகின்றன. இரைச்சல் 65-லும் அதன் மடங்குகளிலும் வரும். 65-ம் தப்பும், அதன் இரு மடங்கான 130-ம் தப்பும். 195 தான் முதலில் மாட்டும். இந்தக் கணக்கை ரசிக்கிற பிள்ளையை வேறு பக்கம் இழுக்காதீர்கள் என்பேன்.

மகள் பேசும் சிசிஎம், டிசிஎம் என்ன? கன்வெர்ட்டர் ஓடும் இரண்டு விதங்கள். இண்டக்டர் என்ற கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டம் ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யத்தைத் தொடாமல் ஓடினால் சிசிஎம். தொட்டுச் சற்று நின்று கிளம்பினால் டிசிஎம். சிசிஎம்மில், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு மின்னோட்டத்தோடு இருக்கும்போதே பிடுங்கி அணைக்கப்படுவதால், ஒரு கணம் எதிர்த்திசையில் பாய்ந்து உயர் அதிர்வெண் இரைச்சலைக் கிளப்பும். டிசிஎம்மில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதே பவருக்கு மின்னோட்ட உச்சம் கூடும், இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் பெரிதாகும். இரண்டுக்கும் நடுவே, பூஜ்யத்தைத் தொட்டவுடனே கிளம்பும் எல்லைநிலை ஒன்று உண்டு. அதில் வேகம் லோடுக்கு ஏற்ப மாறுவதால் ஃபில்டர் போடுவது தனிக் கலை. எது நல்லது என்று ஒரே பதில் இல்லை. 'எதற்கு, எவ்வளவு வாட்' என்று திருப்பிக் கேட்பவரைத்தான் நான் வேலைக்கு எடுப்பேன்.

சரி, வேலை? இவி சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர், எல்இடி டிரைவர் செய்யும் இடங்களெல்லாம் இந்த ஆட்களைத் தேடுகின்றன. ஆனால் கேம்பஸுக்கு ஐடி கம்பெனிகள் வருவதுபோல இவர்கள் கூட்டமாக வருவதில்லை. நாமே தேடிப் போக வேண்டும், கையில் செய்து காட்ட ஏதாவது வேண்டும்.

அதனால் இந்த லீவில் வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஒரு சின்ன பக் கன்வெர்ட்டர் கட்டச் சொல்லுங்கள். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட், 100 கிலோஹெர்ட்ஸ், 100 மைக்ரோஹென்றி இண்டக்டர், வேகமான ஷாட்கி டையோடு. கணக்குப்படி லோடு சுமார் 0.15 ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் டிசிஎம்முக்குப் போகும். அது மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் தெரிகிறதா என்று பார்த்து, படமெடுத்து வைக்கட்டும். முன்னோட்டமாகக் கம்ப்யூட்டரிலேயே சர்க்யூட்டை ஓட்டிப் பார்க்க எல்டிஸ்பைஸ் என்ற மென்பொருள் இலவசம். சென்னை தரமணியில் உள்ள சமீர் மையம் இஎம்ஐ சோதனை செய்யும் அரசு நிறுவனம். இன்டர்ன்ஷிப் கிடைக்குமா என்று கல்லூரி வழியாகக் கேட்டுப் பார்க்கலாம். கேட் தேர்வின் இஇ பாடத்திட்டத்திலும் இந்த கன்வெர்ட்டர்கள் உண்டு. ஆகவே எம்டெக் கதவும் மூடவில்லை.

வீட்டில் பழைய மீடியம் வேவ் ரேடியோ இருந்தால் சென்னை 'ஏ' நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸில் வைத்து, பக்கத்தில் சார்ஜர்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். 65-ஐப் பதினொன்றால் பெருக்கினால் 715, அதாவது 720-க்குப் பக்கத்திலேயே இரைச்சல் விழும். எந்த சார்ஜர் அதிகம் கரகரக்கிறது, ஏன் என்று மகளிடம் கேளுங்கள். பதிலை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.