‘வில்லங்கம் இல்லை’ என்று ஈசி வந்துவிட்டது, டைட்டில் ரிப்போர்ட்டும் வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 30க்கு 40 சைட்டில் பழைய வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். விற்பவர் 2009இல் கிரயம் வாங்கியவர். வில்லங்கம் எதுவும் இல்லை என்று புரோக்கர் ஈசி (வில்லங்கச் சான்றிதழ்) கொடுத்தார். லோன் தரும் வங்கியும் லீகல் பார்க்கும். நாங்கள் தனியாக வக்கீல் வைத்து டைட்டில் ரிப்போர்ட் (சொத்து உரிமை பற்றிய அறிக்கை) வாங்க வேண்டுமா?

பதில்: வாங்குங்கள். அதற்கு முன் அந்த ஈசியை மறுபடி எடுத்துப் பாருங்கள். கர்நாடகத்தில் பதிவுகள் இருந்தால் படிவம் 15 வரும், ஒன்றுமே இல்லாவிட்டால் படிவம் 16. 2009ஐயும் சேர்த்துத் தேடியிருந்தால் விற்பவரின் சொந்தக் கிரயப் பத்திரமாவது அதில் விழுந்தே ஆக வேண்டும். அப்படியிருந்தும் படிவம் 16 வந்ததென்றால் சொத்து சுத்தம் என்று அர்த்தமில்லை, தேடியது தப்பு. ஒரு பத்திரம் சர்வே எண்ணிலும் அடுத்தது சைட் எண்ணிலும் இன்னொன்று காத்தா (மாநகராட்சியின் சொத்து வரிக் கணக்கு) எண்ணிலும் பதிவாகியிருப்பது இங்கே சகஜம். ஒவ்வொரு எண்ணையும் போட்டுத் தேடி, வருவதைப் பத்திரத்தின் நான்கு எல்லையோடு ஒத்துப் பாருங்கள். கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி தளத்தில் 2004 ஏப்ரலிலிருந்துதான் கிடைக்கும். 30 வருஷம் பார்க்க, முந்தையதற்கு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும். பழைய புத்தகங்கள் வேறு ஆபீஸில் இருந்தாலும் இருக்கும்.

சரியாக எடுத்த ஈசியும் பதிவானதை மட்டுமே காட்டும். பதியாத உயிலோ, கோர்ட்டில் ஓடும் பாகப்பிரிவினை வழக்கோ அதில் தெரியாமல் போகலாம். அசல் பத்திரத்தை வங்கியில் கொடுத்து வாங்கிய கடனும் அப்படித்தான். அதற்கு, வங்கி அடமானங்களைப் பதிந்து வைக்கும் செர்சாய் தளத்தில் தேட வேண்டும்.

வக்கீலின் ரிப்போர்ட் தாய்ப்பத்திரத்திலிருந்து இறங்கி வர வேண்டும்: எல்லா வாரிசும் கையெழுத்துப் போட்டார்களா, விவசாய நிலமாக இருந்தால் டி.சி. கன்வெர்ஷன் உத்தரவு (வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மாவட்ட ஆட்சியர் தரும் அனுமதி) உண்டா, நடுவில் வெறும் பவர் பத்திரத்தில் கை மாறியதா. கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். ‘கொடுக்கப்பட்ட நகல்களின் அடிப்படையில்’ என்று இருந்தால், அவர் ஜெராக்ஸை மட்டும் பார்த்து எழுதியது. அசலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வங்கியின் லீகல் அவர்கள் பணத்துக்காகப் பார்ப்பது. வேல்யூவேஷன் ரிப்போர்ட் விலையைத்தான் சொல்லும், உரிமையாளர் யார் என்பதை அல்ல. இ-காத்தா இல்லாமல் பதிவு நடக்காது, சரி. ஆனால் காத்தா வரிக் கணக்குதான், உரிமைப் பத்திரம் ஆகாது.

புரோக்கர் அவசரப்படுத்தி அட்வான்ஸ் கேட்டால், லீகல் சரியில்லாவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று அக்ரிமென்ட்டில் எழுதி வாங்கிய பிறகு கொடுங்கள்.