கீரை வடித்த தண்ணீரும் சர்க்கரை மாத்திரையும்

கேள்வி: கசப்பு போக முருங்கைக்கீரையை வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுப் பொரியல் செய்கிறேன். சத்தெல்லாம் போச்சு என்கிறார் மாமியார். அப்படியா? – வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பாதி சரி. அந்தத் தண்ணீரோடு போவது வைட்டமின் சியும் பி வகைகளும்தான். உடம்புக்குள் வைட்டமின் ஏ ஆகிற பீட்டா கரோட்டின் இலையிலேயே நிற்கும். ஆனால் கூடவே கொழுப்பு இருந்தால்தான் குடல் அதை நன்றாக உறிஞ்சும். எண்ணெயே காட்டாத ‘டயட்’ பொரியல் வீண். கொத்தோடு அலசி உதறிவிட்டுப் பிறகு உருவுங்கள். பழுத்த இலையைக் கழியுங்கள். இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வெங்காயம் தாளித்துக் கீரையைப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடாமல் வதக்குங்கள். வடிக்க ஒன்றும் மிஞ்சாது. மிச்சக் கசப்பைத் தேங்காய்த் துருவல் பார்த்துக்கொள்ளும்.

அடுப்புச் சூட்டில் வைட்டமின் சி எப்படியும் குறையும். அதற்குத் தினம் ஒரு பெரிய நெல்லிக்காயைப் பச்சையாகக் கடித்தால் போதும். அரைநெல்லி வேறு சாதி. அதில் அவ்வளவு கிடையாது.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, சுத்த சைவம். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். உள்ளங்கால் மரத்துப்போகிறது என்கிறார். சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை வாங்கித் தரலாமா? – வாசகர், லாஸ்பேட்டை

பதில்: வேண்டாம். முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். மெட்ஃபார்மினை நெடுநாள் எடுத்தால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். சைவச் சாப்பாட்டில் அது பால், தயிரை விட்டால் அநேகமாக இல்லை. மரத்துப்போவது சர்க்கரையாலும் வரும், பி12 குறைவாலும் வரும். காலைப் பார்த்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆரோவில் பக்கம் வளர்க்கும் சுருள்பாசியில் புரதம் உண்டுதான். ஆனால் அதிலிருக்கும் ‘பி12’ பெரும்பாலும் மனித உடம்புக்கு உதவாத போலி வடிவம்.

இன்னொன்று: பி12 குறைந்தால் சோகையும் வரும். அதற்கு ஃபோலிக் ஆசிட் என்ற இன்னொரு பி வைட்டமினை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சோகை சரியாவதுபோலத் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தவும் கூடாது. பி12 குறைவு என்று தெரிந்தால் ஊசியா மாத்திரையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

கேள்வி: பி காம்ப்ளெக்ஸ் போட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகிறதே? – வாசகர், நெல்லித்தோப்பு

பதில்: அது பி2, அதாவது ரைபோஃப்ளேவின். தேவைக்கு மேல் விழுங்கியது வெளியேறுகிறது, பயமில்லை. மாத்திரை போடாத நாளிலும் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் குடியுங்கள். கண்ணும் மஞ்சளானால் உடனே மருத்துவரிடம் போங்கள்.