எட்டு டைம் ஸ்லிப்பில் எது உங்கள் காரின் உண்மையான நேரம்?

கேள்வி: சார், காவேரிப்பட்டினத்தில் இருந்து ஓசூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் 1.2 லிட்டர் பெட்ரோல் கார் என்னுடையது. மேனுவல் கியர், எந்த மாற்றமும் செய்யவில்லை. போன மாதம் பெங்களூரு பக்கம் ஒரு ஏர்ஸ்ட்ரிப்பில் நடந்த டிராக் நாளில் கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர், எட்டு முறை ஓட்டினேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரத்தை அச்சிட்டுத் தரும் டைம் ஸ்லிப்பில் 18.42, 18.61, 18.35, 19.48, 18.55, 18.70, 18.47, 18.66 விநாடி என்று வந்தது. இப்படி ஏறி இறங்குவதற்கு இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியுதான் காரணம், அதன் புரோகிராமை மாற்றி ரீமேப் செய்தால் சீராகிவிடும் என்கிறார் எங்கள் பக்கத்து டியூனிங் கடைக்காரர். அவர் ரீமேப் செய்த இதே மாடல் கார் 17.6 ஓடியதாகப் போன் ஆப்பில் காட்டினார். என் கார் ஒரே மாதிரி ஓடுகிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: தம்பி, கடைக்காரருக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கார் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது, நீங்கள் அனுப்பிய எண்களிலேயே அது தெரிகிறது.

எல்லோரும் செய்வதுபோல நீங்களும் 18.35-ஐத்தான் உங்கள் கார் நேரம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது எட்டில் ஒரு முறை எல்லாம் கூடிவந்த நேரம், அவ்வளவுதான். எட்டையும் சின்னதில் இருந்து பெரியது வரை வரிசையாக எழுதிவிட்டு நடுவில் இருப்பதைப் பாருங்கள். எட்டு ஓட்டம் என்பதால் நடுவில் இரண்டு எண் நிற்கும், 18.55, 18.61. இரண்டுக்கும் இடைப்பட்ட 18.58தான் அன்றைக்கு உங்கள் காரின் நேரம். கூட்டி வகுக்கும் சராசரியை நான் ஏன் சொல்லவில்லை என்றால், 19.48 என்ற ஒரே ஒரு கெட்ட ஓட்டம் அதை 18.65-க்கு மேல் இழுத்துவிடுகிறது, நடு எண்ணை அவ்வளவாக அசைக்க முடியவில்லை.

அப்புறம் ஒவ்வொரு ஓட்டமும் இந்த நடு எண்ணில் இருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதி, கூட்டி, எட்டால் வகுத்தால் 0.21 விநாடி வரும். இதுதான் நீங்கள் கேட்ட அளவு. சிறியதாக இருந்தால் கார் சீராக ஓடுகிறது என்று அர்த்தம். நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓடும் பிராக்கெட் ரேஸ் அமெரிக்காவில் பரவலாக நடக்கிறது, அதில் சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடினால் பிரேக் அவுட் என்று தோற்றுவிடுவீர்கள். அங்கே பதினெட்டு விநாடி காரும் ஜெயிக்கிறது, இந்த விலகல் சிறியதாக இருப்பது பெரிய பலம்.

சரி, அந்த 19.48-ஐ என்ன செய்வது? இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் விலகல் 0.10-க்கு வந்துவிடும், பாதியாகக் குறைகிறது. எடுக்கலாமா? காரணம் இருந்தால் எடுக்கலாம், ஆனால் அந்தக் காரணம் ஸ்லிப்பைப் பார்ப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது கியர் விழவில்லை, பக்கத்து லேன்காரர் முந்தியதும் பயந்து காலை எடுத்துவிட்டேன், இப்படி ஏதாவது. ஓட்டம் முடிந்து திரும்பி வரும் வழியிலேயே, ஸ்லிப் கைக்கு வருவதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமாவது சொல்லிவிடுங்கள், அல்லது நோட்டில் எழுதுங்கள். நேரம் மோசமாக வந்ததைப் பார்த்த பிறகு கியர் கொஞ்சம் இறுக்கமாக இருந்ததுபோல ஞாபகம் வந்தால் அது காரணமே இல்லை, அந்த ஓட்டம் கணக்கில் இருக்கட்டும். அதேபோல நல்ல நேரத்துக்கும் பாருங்கள். 18.35 ஓடியபோதும் இரண்டாவது கியரில் தடுமாறியிருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். யாரும் எடுப்பதில்லை. மோசமானதை மட்டும் கழித்துக்கொண்டே போனால் எந்தக் காரும் சீரான கார் ஆகிவிடும். உங்கள் நான்காவது ஓட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்கு எழுதவில்லை, அதனால் நான் 0.21 என்றே வைத்துக்கொள்கிறேன்.

இப்போது ஈசியு விஷயம். நீங்கள் போட்டோ அனுப்பிய இரண்டு ஸ்லிப்பை அருகருகே வைத்துப் பார்த்தேன். 18.35 ஓடியதில் முதல் 60 அடிக்கு 2.55 விநாடி, கடைசிக் கோட்டில் வேகம் 121 கிலோமீட்டர். 18.70 ஓடியதில் 60 அடிக்கு 2.74, கடைசி வேகம் அதே 121. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இன்ஜின் ஒரு ஓட்டத்தில் பலம் குறைந்திருந்தால் கடைசி வேகம் இறங்கியிருக்கும், அது இறங்கவே இல்லை. தாமதம் முழுக்கக் கிளம்பும்போது வந்தது. 60 அடியில் இழந்தது கோட்டுக்குப் போவதற்குள் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகும். உங்களுக்கு 0.19 என்பது 0.35 ஆகியிருக்கிறது. அது உங்கள் இடது காலும் கிளட்ச்சும், ரீமேப்புக்கு அங்கே வேலை கிடையாது.

கிளம்பும் இடத்தில் இன்னொன்று. மஞ்சள் விளக்கு இரண்டு இருக்குமே, முதலாவது எரிந்த பிறகு ஊர்ந்துபோய் இரண்டாவது எரிந்த அந்த நொடியே நிறுத்துங்கள், ஒவ்வொரு முறையும் அப்படியே. ஒரு முறை அங்கேயும் அடுத்த முறை ஒரு சாண் தள்ளியும் நிறுத்தினால், டயர் அந்த ஒளிக்கதிரைத் தாண்டின பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும் என்பதால், நேரம் மாறிவிடும். பச்சை எரிந்தபின் நீங்கள் கிளம்ப எடுத்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது ஸ்லிப்பில் ரியாக்‌ஷன் என்று தனியாக இருக்கும்.

கடைக்காரர் காட்டிய 17.6-க்கு வருகிறேன், எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். அது எந்த ரோட்டில் எடுத்தது என்று கேட்டீர்களா? நம் பக்கம் பைபாஸில்தான் எடுத்திருப்பார்கள், வேறு இடம் ஏது? 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு இருந்தாலே உங்கள் மாதிரிக் காருக்குக் கால் மைலில் அரை விநாடி போலக் குறையும், கண்ணுக்கு அந்தச் சரிவு தெரியவே தெரியாது. பெங்களூரு கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர், கிருஷ்ணகிரி சுமார் 500. டர்போ இல்லாத இன்ஜினுக்குக் கீழே வந்தால் காற்று அடர்த்தி கூடும், அதில் ஒரு கால் விநாடி. பெரும்பாலான போனில் ஜிபிஎஸ் விநாடிக்கு ஒரு முறைதான் இடத்தைச் சொல்கிறது. நீங்கள் கோட்டைத் தாண்டும் வேகத்தில் ஒரு விநாடிக்குள் கார் 33 மீட்டர் போய்விடும், நடுவில் இருப்பதெல்லாம் ஆப் போடும் ஊகம். இத்தனையும் சேர்த்தால் ரீமேப் இல்லாமலேயே 17.6 வந்துவிடும். அதுவும் அவர் காட்டியது ஒரே ஓட்டம். பத்து ஓட்டம் காட்டச் சொல்லுங்கள், ரீமேப்புக்கு முன் பத்து, பின் பத்து, ஒரே இடம், நேரம் அளக்க ஒரே கருவி. இதுவரை நான் கேட்ட எந்தக் கடைக்காரரும் காட்டியதில்லை.

நீங்களும் பைபாஸில் இறங்கிவிடாதீர்கள். பொது ரோட்டில் ரேஸும் வேகப் பரிசோதனையும் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் குற்றம், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறையே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் போடலாம். சாதாரண கார் பாலிசியிலும் ரேஸும் வேகச் சோதனையும் விலக்கு, அடிபட்டால் கையை விரித்துவிடுவார்கள். தொப்பூர் கணவாயில் லாரி பிரேக் பிடிக்காமல் வருவதை எத்தனை முறை பார்த்திருப்போம், அந்த 44-ம் நம்பர் ரோட்டில் ராத்திரி ஓட்டிப்பார்க்கிற பையன்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் அவர்களைத் திட்டிவிட்டு மட்டும் போக எனக்கு மனசு வரவில்லை. ஓசூரில் பைக்கும் லாரியும் வருஷக்கணக்காகச் செய்கிறோம், தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பொதுமக்கள் காசு கட்டி ஓட்டிப்பார்க்க ஒரு நிரந்தரத் தடம் கிடையாது. ஒன்று, சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும், இல்லை, எங்காவது ஏர்ஸ்ட்ரிப் வாடகைக்குக் கிடைக்கும் நாளுக்குக் காத்திருக்கவேண்டும். இது பற்றி மனு கொடுத்துக் கொடுத்து எனக்கே அலுத்துவிட்டது. அந்த நாளுக்கும் ஆள் தெரியும், என்ட்ரி வாங்கித் தருகிறேன் என்று தனியாகப் பணம் கேட்பவர்கள் முளைத்துவிட்டார்கள். நடத்துபவரிடம் நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள்.

அடுத்த முறை போகும்போது டயர் காற்றை ஓடும் முன் குளிர்ந்த நிலையில் ஒரே கேஜில் பாருங்கள், அந்தக் கேஜை மாற்றாதீர்கள். பெட்ரோல் கால் டேங்க், ஏசி ஆஃப், டிக்கியில் இருக்கும் சாமானை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். இரண்டு ஓட்டத்துக்கு நடுவே 20 நிமிஷம் பானெட்டைத் திறந்து வைத்து ஆறவிடுங்கள், வரிசை நகர்கிறது என்று அவசரப்பட்டு ஓடாதீர்கள். கிளட்ச் வாசனை வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், திங்கட்கிழமை அதே காரில்தான் ஓசூர் போகவேண்டும். கிளம்பும் ஆர்பிஎம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 2,500 என்றால் 2,500, எட்டு முறையும் அதையே பிடியுங்கள். அன்றைய எண்களைப் போன மாத எண்களோடு கலக்கவேண்டாம், இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய கடல் மட்டம், அங்கே உங்கள் கார் தானாகவே அரை விநாடி போல வேகமாக ஓடும்.

மீதி ஆறு ஸ்லிப்பிலும் 60 அடி எண்ணையும் கடைசி வேகத்தையும் எழுதி அனுப்புங்கள், நான்காவது ஓட்டம் முக்கியமாக. அதில் கடைசி வேகம் 121-ஐ ஒட்டி இருந்தால் கிளம்புவதில் கோட்டை விட்டிருக்கிறீர்கள், நன்றாகக் குறைந்திருந்தால் நடுவில் கியர் மாற்றுவதில் ஏதோ நடந்திருக்கிறது. அனுப்பிய போட்டோவில் ஸ்லிப் டேஷ்போர்டின் மேல் கிடக்கிறது, ஒரு மூலை ஏற்கெனவே கறுத்திருக்கிறது. அது பஸ் டிக்கெட் மாதிரி வெப்பத்தாள் தம்பி, வெயிலில் இரண்டு நாள் இருந்தால் எண்ணே தெரியாது, இன்றைக்கே எட்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.