கறுப்புக் கோழிக்கு வெள்ளைக் குஞ்சு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு கறுப்புச் சேவலும் மூன்று கறுப்புப் பெட்டைகளும்தான் இருக்கின்றன. அவை இட்ட 11 முட்டைகளை அடை வைத்ததில் 9 குஞ்சுகள் பொரித்தன. அவற்றில் இரண்டு முழு வெள்ளை. முட்டை மாறியிருக்கும் என்கிறார் என் மாமியார். கலப்புக் கோழி, கழித்துவிடுங்கள் என்கிறார் பெட்டைகளை விற்றவர். யார் சொல்வது சரி?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: முட்டை மாறாமலேயே இப்படி நடக்கும். கறுப்புச் சேவலுக்கும் கறுப்புப் பெட்டைக்கும் வெள்ளைக் குஞ்சு பிறப்பது கோழி வளர்ப்பில் அறிந்த செய்திதான்.

இறகில் நிறம் ஊறுவதற்கு ஒரு மரபணு வேலை செய்ய வேண்டும். அது தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றொன்றே போதும் என்பதால், பழுதான பிரதியைச் சுமக்கும் கோழியும் பார்வைக்கு முழுக் கறுப்பாகவே இருக்கும். அப்படிப்பட்ட சேவலும் பெட்டையும் சேரும்போது, ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு பழுதான பிரதிகளும் ஒன்றுகூட நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இதை ஒடுங்கு வெள்ளை என்பார்கள். இத்தகைய கோழிகளின் கண்ணில் நிறம் இருக்கும் என்பதால், இவற்றைச் செங்கண் கொண்ட வெளிறிய பிறவிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

ஆனால் இந்த முடிவுக்கு வருமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். பெட்டைகளை எப்போது வாங்கினீர்கள்? பெட்டையின் கருக்குழாயில் சேவலின் விந்தணு இரண்டு, மூன்று வாரங்கள் வரை உயிரோடு தங்கியிருக்கும். ஆகவே வாங்கிய முதல் மாதத்துக்குள் சேர்த்த முட்டைகள் என்றால், குஞ்சுகளின் தந்தை விற்றவர் வீட்டுச் சேவலாகவும் இருக்கலாம். அந்தச் சேவல் வெள்ளை லெகார்ன் என்னும் கோழி இனத்தின் வழி வந்திருந்தால் கதையே வேறு. லெகார்னின் வெள்ளை ஓங்கு பண்பு. ஒரு பிரதி வந்தாலே கறுப்பை மறைத்துவிடும். ஆனால் ஒரே பிரதி உள்ள கோழியில் அந்த மறைப்பு முழுமையாக இருப்பதில்லை. குஞ்சைக் கையில் எடுத்து, சிறகை விரித்து, வெயிலில் பாருங்கள். இறகு முளைத்து வளர வளர வெள்ளையின் நடுவே மை தெறித்தாற்போல் கறுப்புத் துளிகள் ஆங்காங்கே தெரிந்தால், வெளிச் சேவலைச் சந்தேகிக்கலாம். துளியில்லாத தூய வெள்ளை என்றால், உங்கள் கோழிகளே அந்தப் பண்பைச் சுமக்கின்றன என்று கொள்வதே பொருத்தம்.

மீதி ஏழு கறுப்புக் குஞ்சுகளின் வயிறும் சிறகு நுனியும் வெளிர் மஞ்சளாகவோ வெண்மையாகவோ இருந்தால் அதைக் கண்டு குழம்ப வேண்டாம். கறுப்புக் கோழிக் குஞ்சுகள் பெரும்பாலும் அப்படித்தான் பொரிக்கும். பொரித்த நாளின் தூவியை வைத்து நிறத்தைத் தீர்மானிப்பது பலரும் செய்யும் பிழை.

எந்தப் பெட்டை அந்தப் பண்பைச் சுமக்கிறது என அறிய விரும்பினால், இரண்டு வெள்ளைக் குஞ்சுகளில் ஒன்று சேவலானால், அது வளர்ந்த பின் ஒவ்வொரு பெட்டையுடனும் தனித்தனியே விட்டுப் பாருங்கள். அது ஒடுங்கு வெள்ளையாக இருந்து, பெட்டையும் பண்பைச் சுமந்தால், குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி வெள்ளையாகும். 8 குஞ்சுகளும் நிறத்தோடு பிறந்தால், அந்தப் பெட்டை பண்பைச் சுமக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சுமக்கும் பெட்டைக்குத் தொடர்ந்து எட்டும் நிறமாகவே பிறப்பது 256-இல் ஒரு முறைதான் நேரும். பெட்டை வாரியாக முட்டையில் பென்சிலால் குறியிட்டு, நோட்டில் எழுதி வையுங்கள். கழிப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். இந்த வெள்ளை நோய் அல்ல.

கேள்வி: சாம்பல் நிறச் சேவலையும் சாம்பல் நிறப் பெட்டையையும் சேர்த்தேன். குஞ்சுகளில் சில கறுப்பு. சில சாம்பல் திட்டுகள் தெறித்த வெள்ளை. சாம்பல் நிறத்தை நிலைநிறுத்தவே முடியாதா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: நிலைநிறுத்த முடியாது. இந்தச் சாம்பல், கறுப்பை நீர்க்கச் செய்யும் மரபணு ஒரே ஒரு பிரதி இருக்கும்போது மட்டுமே வரும் நிறம். அந்தப் பிரதி இல்லாவிட்டால் கறுப்பு, இரண்டிருந்தால் திட்டு விழுந்த வெள்ளை. இரண்டு சாம்பல்களைச் சேர்த்தால் சராசரியாக 100 குஞ்சுகளில் 25 கறுப்பு, 50 சாம்பல், 25 திட்டு வெள்ளை. ஸ்பெயினின் அண்டலூசியன் கோழியை வளர்த்தவர்கள் இதே சிக்கலைச் சந்தித்தார்கள். நீங்கள் வேண்டாமென ஒதுக்கிய கறுப்பையும் திட்டு வெள்ளையையும் இணைத்துப் பாருங்கள். எல்லாக் குஞ்சுகளும் சாம்பலாகவே பிறக்கும்.

கேள்வி: கறுப்பு வெள்ளை வரிகள் கொண்ட பெட்டையைக் கறுப்புச் சேவலுடன் விட்டேன். வரி வந்த குஞ்சுகள் எல்லாம் சேவலாகவே வளர்கின்றன. இது தற்செயலா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: தற்செயல் இல்லை. வரிப் பண்பு, குஞ்சு சேவலா பெட்டையா என்பதைத் தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் இருக்கிறது. தாய்க்கோழி தன் வரியை மகன்களுக்கு மட்டுமே தரும். பொரித்த அன்றே தலையின் உச்சியைப் பாருங்கள். கறுப்புத் தூவியில் வெளிர்ப் பொட்டு இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை. வரிச் சேவலைக் கறுப்புப் பெட்டையுடன் விட்டால் இந்த அடையாளம் உதவாது. இரு பாலிலும் வரி வரும்.