வாசகர் கேள்வி – பதில்: தலை முறிந்த போல்ட்

கேள்வி: பழைய ஜப்பான் கார். தெர்மோஸ்டாட் மாற்றுவதற்காக வீட்டிலேயே மூடியைக் கழற்றினேன். ஒரு போல்ட் வந்துவிட்டது. மற்றது கழற்றும்போதே தலை முறிந்துவிட்டது. 10ஆம் இலக்க ஸ்பனர் போகும் போல்ட். ஈசி அவுட் வாங்கி எடுத்துவிடலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: ஈசி அவுட்டை (முறிந்த போல்ட்டில் துளை போட்டு, அதற்குள் திருகி வெளியே எடுக்கும் கருவி) இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இறுக்கும்போது முறிந்த போல்ட் என்றால் கதை வேறு. தலை போனதும் இழுவிசையும் போய்விடும், மீதித் துண்டு மரைக்குள் தளர்ந்தே கிடக்கும். கூரான ஊசியால் ஓரத்தைத் தள்ளினாலே பல வேளை சுழன்று வரும். உங்களுடையது கழற்றும்போது முறிந்தது. 6 மி.மீ. தடிப்புள்ள இரும்பு முறிகிற அளவு பலம் கொடுத்தும் மரை அசையவில்லை. அதன் நடுவில் துளை போட்டு, அதைவிட மெல்லிய ஈசி அவுட்டால் திருகினால் எது முறியும் என்று நீங்களே சொல்லுங்கள். கூம்பாக இருப்பதால் அது உள்ளே இறங்க இறங்க போல்ட்டை விரித்து மரையோடு நெரிக்கவும் செய்யும்.

உங்கள் எஞ்சினில் இருப்பது அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட். இடையில் உப்பு ஈரம் புகுந்தால் அரிக்கப்படுவது அலுமினியம். அதில் உண்டாகும் வெள்ளைத் தூள் மரை இடுக்கை அடைத்து இறுக்கிவிடும். வாடை வீசும் மாதங்களில் கடற்கரையோரம் நிற்கும் கார்களுக்கு இது வழக்கம். கூலன்டுக்கு (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பதிலாக உவர்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருந்தால் உள்ளேயிருந்தும் அரிக்கும்.

நல்ல செய்தி: தலை மட்டும் போயிருந்தால் மூடியை மேலே தூக்கி எடுக்கலாம், போல்ட்டின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துண்டை அவசரப்பட்டு முறித்துவிடாதீர்கள். துருநீக்கி ஓயில் விட்டு, தண்டின் நுனியில் சிறு சுத்தியலால் நேராகத் தட்டி, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் ஓயிலைத் துடைத்துவிட்டு, போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள், போல்ட்டையல்ல. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும், பிடி தளரும். தண்ணீர்த் துளி பட்டதும் சீறுகிற சூடு போதும். ஹீட் கன் நல்லது. பெற்றோல் குழாய் அருகே இருந்தால் சுடரைக் கொண்டுபோகவே கூடாது. பிறகு வைஸ்கிரிப்பால் (பூட்டிக் கவ்வும் குறடு) கவ்வி, முதலில் இறுக்கும் பக்கமாக மயிரிழை, பின் கழற்றும் பக்கம், இப்படி முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் மிக் வெல்டிங் உள்ள கராஜுக்கு விடுங்கள். தண்டின்மேல் ஒரு நட்டை வைத்து உட்புறத்தை வெல்டிங்கால் நிரப்புவார்கள். உருகிய இரும்பு அலுமினியத்தில் ஒட்டாது. அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். தொடக்கூடிய சூட்டுக்கு ஆறியபின் ஸ்பனர் போட்டுத் திருப்ப வேண்டும். வெல்டிங்குக்கு முன் பற்றறியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். அந்த இடத்தைப் பிரேக் கிளீனரால் கழுவவேண்டாம். சில பிரேக் கிளீனர்களில் உள்ள குளோரின் சேர்மங்கள் வெல்டிங் சூட்டில் நச்சு வாயுவாகும்.

துளையிடுவது கடைசி வழி. டிரில் அலகு எப்போதும் மென்மையான அலுமினியப் பக்கம் சறுக்கப் பார்க்கும், கையால் நடுவைப் பிடிப்பது கடினம். லேத் பட்டறையில் ஒரு சிறு புஷ் (குட்டைக் குழல்) கடைந்து வாங்குங்கள்: வெளி விட்டம் மூடியின் போல்ட் துளைக்குள் இறுக்கமாக நுழைய வேண்டும், உள் விட்டம் 3 மி.மீ. நீட்டிய தண்டை அறுத்து, அந்த முகத்தை அரத்தால் தட்டையாக்கி, மூடியை மற்றப் போல்ட்டால் பிடிக்கவைத்து, அந்தப் புஷ் வழியாக 3 மி.மீ. துளை. பிறகு மூடியைக் கழற்றி 4, கடைசியாக 5 மி.மீ. குறைந்த வேகம், நிறைய ஓயில். நடு தவறாவிட்டால் மிஞ்சுவது மரைச் சுருள் மட்டுமே. குத்தூசியால் கிளப்பி, எம்6 × 1.0 டேப்பால் (மரை வெட்டும் கருவி) துப்புரவாக்கலாம். மரை போய்விட்டால் 6.3 மி.மீ.க்குத் துளைத்து ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பதிக்கும் கம்பிச் சுருள்) போடுங்கள். அலகில் கிரீஸ் தடவினால் தூளில் பெரும்பகுதி அதில் ஒட்டிக்கொள்ளும், கூலன்ட் ஓடும் தண்ணீர் அறைக்குள் விழுவது குறையும்.

புது போல்ட் பழைய நீளமே இருக்கட்டும், மரையில் ஆன்டி சீஸ் (மீண்டும் இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) மெல்லியதாக. இறுக்கம் 10 நியூட்டன் மீட்டரைத் தாண்டவேண்டாம், ஆன்டி சீஸ் தடவியிருந்தால் 8 போதும்.

கேள்வி: எக்ஸோஸ்ட் மனிபோல்டை (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) எஞ்சின் ஹெட்டில் பிடிக்கும் ஸ்டட்டுக்குள் (தலையில்லாத போல்ட்) ஈசி அவுட் முறிந்து நிற்கிறது. டிரில் ஏறவில்லை.
– வாசகர், கிண்ணியா

பதில்: ஏறாது. ஈசி அவுட் கடினமாக்கிய உருக்கு, சாதாரண எச்.எஸ்.எஸ். அலகு மழுங்கிவிடும். கடினமானது நொறுங்கும் என்பதுதான் ஒரே வாய்ப்பு: கூரான பஞ்ச் (குத்துளி) கொண்டு தட்டித் துண்டு துண்டாக உடைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் கார்பைட் பர் (மிகக் கடினமான சிறு அரைக்கும் முனை) போட்ட கிரைண்டரால் அரைக்கலாம். பொறுமையும் நல்ல வெளிச்சமும் வேண்டும். ஸ்டட் துளைக்குப் பின்னால் பல எஞ்சின்களில் தண்ணீர் அறை இருக்கிறது, ஆழம் தெரியாமல் குடையாதீர்கள். நிச்சயமில்லையென்றால் ஹெட்டைக் கழற்றி, ஸ்பார்க் இரோஷன் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும்) இயந்திரம் உள்ள பட்டறைக்குக் கொடுங்கள். செலவுதான், ஆனாலும் புது ஹெட்டைவிட மலிவு.

கேள்வி: இறுகிய போல்ட்டுக்கு மண்ணெண்ணெய், பிரேக் ஓயில், கோலா எல்லாம் சொல்கிறார்கள். எது வேலை செய்யும்?
– வாசகர், நிலாவெளி

பதில்: மண்ணெண்ணெய் ஊறும், ஆனால் வழுக்காது. பிரேக் ஓயில் பெயின்டைத் தின்னும். கோலாவைக் குடியுங்கள். ஓட்டோ கியர்பொக்ஸுக்கான ஏ.டி.எப். ஓயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்தது நல்ல துருநீக்கி. இரண்டும் கலந்து நிற்காது, விடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். அதை விட்ட இடத்தில் அது ஆவியாகிப் போகும்வரை ஹீட் கன்னும் வேண்டாம், சுடரும் வேண்டாம்.