மிதித்து மின்சாரம் எடுக்கலாமா? மோட்டாரில் பிழையில்லை

கேள்வி: கொழும்புக் கடலோரம் வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறோம். கழித்துவிட்ட மின்சைக்கிள் ஒன்றின் பின்சக்கரத்தை, அதன் 36 வோல்ற்று, 250 வாற்று பிரஷ் இல்லாத மோட்டாருடன் வாங்கி வைத்திருக்கிறேன். சைக்கிளைத் தாங்கியில் ஏற்றி மிதித்து, 12 வோல்ற்று 7 அம்பியர் மணிப் பற்றரிக்கு மின்னேற்றி, மின்வெட்டு நேரத்தில் ரவுட்டரையும் ஓர் எல்.ஈ.டி. விளக்கையும் எரிக்க விருப்பம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு மல்டிமீற்றரை நேரோட்டத்தில் (டி.சி.) வைத்துப் பார்த்தால் பூச்சியம் காட்டுகிறது. மோட்டார் பழுதா?

பதில்: அநேகமாக இல்லை. நீங்கள் தேடிய இடத்தில் நேரோட்டம் இருக்காது. இந்த மோட்டாரின் உள்ளே நிலைக்காந்தங்களும் மூன்று தொகுதிச் செம்புச் சுருள்களும் இருக்கின்றன. காந்தம் சுழன்றால் தடித்த மூன்று வயர்களிலும் ஆடலோட்டம் (ஏ.சி.) பிறக்கும். மீற்றரை ஆடலோட்டத்துக்கு மாற்றி, மூன்றில் ஏதாவது இரண்டைத் தொட்டபடி சக்கரத்தைச் சுற்றுங்கள். மூன்று சோடிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தால் மோட்டார் நலம். மீற்றர் இல்லாமலும் பார்க்கலாம்: இரண்டு வயர் முனைகளைச் சேர்த்துப் பிடித்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்புங்கள். சக்கரம் முரண்டு பிடித்தால் சுருளுக்கு உயிர் இருக்கிறது. கூடவே வரும் மெல்லிய ஐந்து வயர்கள் காந்தத்தின் நிலையை அறியும் உணரிகளுக்குரியவை. மின் எடுக்க அவை தேவையில்லை. முனைகளை நாடா சுற்றி ஒதுக்கிவிடுங்கள்.

முன்னோக்கிச் சுற்றும்போது சக்கரம் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதா? மீற்றரும் ஆடலோட்டத்தில் பூச்சியமே காட்டுகிறதா? அப்படியானால் உங்களுடையது கியர் வைத்த வகை. அதில் ஒருவழிப் பூட்டு இருக்கும். மோட்டார் சக்கரத்தைத் தள்ளும், சக்கரத்தால் மோட்டாரைத் தள்ள முடியாது. பின்னோக்கிச் சுற்றினால் மட்டுமே மின் வரும். சங்கிலியால் மிதிப்பவருக்கு அது பயன்படாது, ஆகவே கியர் இல்லாத மோட்டாராகப் பார்த்து மாற்றிக்கொள்வதே சுகம்.

கியர் இல்லாததுதான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். இத்தகைய 36 வோல்ற்று மோட்டார் சுமையின்றி நிமிடத்துக்கு 280 சுற்று அளவில் ஓடும். அதாவது ஒரு வோல்ற்றுக்கு எட்டுச் சுற்று. நீங்கள் நிமிடத்துக்கு 60 தடவை மிதித்து, பற்சக்கரங்கள் அதை இரண்டரை மடங்காக்கினால் சக்கரம் 150 சுற்று சுற்றும். 18 அல்லது 19 வோல்ற்று கிடைக்கும். ஆறு இருவாயிகள் (டயோட்) கொண்ட மூன்று கட்டப் பாலம் இதை நேரோட்டமாக்கும்; அதற்கு ஒன்றரை, இரண்டு வோல்ற்று கூலி. ஐந்து முனைகளுடன் ஒரே கறுப்புக் கட்டியாக இந்தப் பாலம் கிடைக்கும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடிப் பாருங்கள். (ட்ரோன் மோட்டாரை வைத்து இதையே செய்ய முயல்பவர்கள் உண்டு. ஒரு வோல்ற்றுக்கு ஆயிரம் சுற்று கேட்கும் அந்தச் சாமானுக்கு 15 வோல்ற்று வேண்டுமானால் நிமிடத்துக்குப் பதினையாயிரம் சுற்றுக்கு மேல் வேண்டும். எந்தக் காலும் அதற்குத் தாங்காது.)

இதுவரை சொன்னது எளிய பகுதி. பாலத்துக்கும் பற்றரிக்கும் இடையில் என்ன வைக்கிறீர்கள் என்பதில்தான் பற்றரியின் ஆயுள் இருக்கிறது. 7 அம்பியர் மணி ஈயப் பற்றரியின் மேல் அச்சிட்டிருப்பதை வாசித்துப் பாருங்கள். ஏற்றும் ஓட்டம் 2.1 அம்பியருக்கு மேல் போகக்கூடாது என்றுதான் பெரும்பாலும் இருக்கும். பாலத்தை நேரே பற்றரியில் கொடுத்தால், கொஞ்சம் வேகமாக மிதித்தவுடனே அந்த எல்லை கடந்துவிடும். ஆகவே வோல்ற்றளவைக் குறைத்து, ஓட்டத்தையும் மட்டுப்படுத்தும் சிறு மின்பலகை ஒன்று வேண்டும். இரண்டு திருகுகள் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்: ஒன்று வோல்ற்றளவுக்கு, மற்றது ஓட்டத்துக்கு. பற்றரியை இணைக்க முன்னர் முதல் திருகை 13.8 வோல்ற்றில் வையுங்கள். 14.4 வரை போகலாம், ஆனால் அப்போது கண் மீற்றரிலேயே இருக்கவேண்டும்.

இந்தப் பலகைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வேகம் குறைந்து உள்ளே வரும் வோல்ற்றளவு விழுந்தால், வெளியே அதே வலுவைக் கொடுப்பதற்காக அது மோட்டாரிலிருந்து கூடுதல் ஓட்டத்தை இழுக்கும். ஓட்டம் கூடினால் மிதி கனக்கும், மிதி கனத்தால் வேகம் இன்னும் குறையும். சேற்றில் ஓட்டுவதுபோல் கால் புதைந்து நின்றுவிடும். அதனால் ஓட்டத் திருகை முதலில் ஓர் அம்பியரில் வைத்து மிதிக்கத் தொடங்கி, சீரான பிறகு இரண்டுக்கு ஏற்றுங்கள்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. மலிவான பலகைகள் பல 36 வோல்ற்றுக்கு மேல் தாங்குவதில்லை. பற்றரி நிறைந்தோ, வயர் கழன்றோ சுமை போனால் மிதி இலேசாகிவிடும். உங்கள் பிள்ளை ஏறி உற்சாகத்தில் விளாசினால் சக்கரம் 300 சுற்றைத் தாண்டும், பலகை புகைந்துவிடும். 60 வோல்ற்று தாங்கும் பலகை சற்று விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

பஞ்சிகாவத்தையில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் மூன்று மஞ்சள் வயருடன் வரும் மின்னேற்றச் சீராக்கி இன்னொரு வழி. பாலமும் சீராக்கியும் அதில் ஒன்றாகவே இருக்கும். பற்றரி நிறைந்ததும் அதில் பெரும்பாலானவை மூன்று வயர்களையும் குறுக்கிணைத்துவிடும், மிதி திடீரென இறுகும். நிறுத்தச் சொல்லும் மணியாக அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது ஓட்டத்தை மட்டுப்படுத்தாது என்பதால் உங்கள் சின்னப் பற்றரிக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

எவ்வளவு கிடைக்கும்? பற்றரி முழுதாக 84 வாற்று மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் கெடும் என்பதால் கையில் இருப்பது 42. பத்து வாற்று ரவுட்டர் மட்டும் என்றால் நான்கு மணித்தியாலம், ஐந்து வாற்று விளக்கும் சேர்ந்தால் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. அதை மீண்டும் நிரப்ப 2 அம்பியரில் இரண்டு மணித்தியாலமாவது மிதிக்கவேண்டும். சாதாரண உடல்நலமுள்ள ஒருவர் ஒரு மணித்தியாலம் 75 வாற்று கொடுப்பார். இங்கே தேவைப்படுவது அதைவிடக் குறைவு. உங்கள் கால் தாராளம், பற்றரிதான் கஞ்சம்.

2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கைக் காரணம் சொன்னார்கள். இப்படியான நாட்களுக்கு மிதி உதவும். நாளாந்தத் தேவை என்றால் பல்கணியில் வெயில் விழும் 50 வாற்று சோலார் தகடு ஒன்று, யாரையும் வியர்க்க வைக்காமல் இதைவிட அதிகம் தரும்.

லித்தியம் பற்றரிக்கு மாற நினைத்தால் வோல்ற்றளவு வேறு. மூன்று கலத் தொகுதிக்கு 12.6, பொஸ்பேற்று வகை நான்கு கலத்துக்கு 14.6. மூன்று கலத் தொகுதியைத் திருகை மாற்றாமல் இணைத்தால் தீ வரை போகும். எந்தப் பற்றரியானாலும் நேர்முனையை ஒட்டியே 5 அம்பியர் உருகி (பியூஸ்) ஒன்று இருக்கட்டும். இணைப்புகளை வெறுமனே முறுக்கி விடாமல் ஈயம் வைத்து ஒட்டி மூடுங்கள். கடலுக்கு அவ்வளவு கிட்டத்தில் திறந்த செம்பு விரைவில் பச்சை பிடித்துவிடும்.