டிராவுக்குக் காரணம் ஓப்பனிங் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

சதுரங்கப் போட்டியில் வெள்ளைக் காய்களோடு ரூய் லோபஸ் என்ற ஓப்பனிங் (தொடக்க முறை) ஆடினேன். எதிராளி அதற்குப் பதிலாக பெர்லின் தற்காப்பு. 8-ஆவது நகர்விலேயே ராணிகள் போயின. 22-இல் என் குதிரையை ஜி5-க்கு (ஜி வரிசையின் 5-ஆவது கட்டம்) கொண்டுபோய் அவருடைய ஈ7 பிஷப்போடு மாற்றினேன். பிறகு யானைகளும் மீதிக் குதிரைகளும் மாறி, 46-இல் டிரா. ரூய் லோபஸை விட்டுவிடலாமா? வெற்றிக்கு 3 புள்ளி என்றால் டிராக்கள் குறையுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

புள்ளிக் கணக்கை விடுங்கள். 2008-இல் ஸ்பெயினின் பில்பாவோவில் நடந்த போட்டியில் 3-1-0 (வெற்றிக்கு 3, டிராவுக்கு 1, தோல்விக்கு 0) வைத்துப் பார்த்தார்கள். உங்கள் டிராவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ராணிகள் போனதும் சிப்பாய்களை எண்ணினீர்களா? ராஜா பக்கம் உங்களுக்கு 4, அவருக்கு 3. ராணி பக்கம் அவருக்கு 4, உங்களுக்கு 3. ஆனால் அவருடையதில் இரண்டு சி வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டவை. சிப்பாய்களும் ராஜாக்களும் மட்டும் மிஞ்சினால் ஜெயிப்பது பொதுவாக வெள்ளைதான். அதை நம்பித்தான் கைக்கு அகப்பட்டதையெல்லாம் மாற்றித் தள்ளினீர்கள். அங்கேதான் கோட்டைவிட்டீர்கள். எல்லாமா மாறியது? ஆளுக்கொரு பிஷப் மிஞ்சிவிட்டதே! உங்களுடையது கறுப்புக் கட்டத்தில், அவருடையது வெள்ளைக் கட்டத்தில். பிஷப் தன் நிறக் கட்டங்களை விட்டு வெளியே போகாது.

உங்கள் ஈ5 சிப்பாய் அடுத்து மிதிக்க வேண்டிய ஈ6 வெள்ளைக் கட்டம். போய்ச் சேர வேண்டிய ஈ8-உம் வெள்ளை. இரண்டையும் உங்கள் பிஷப் ஆட்டம் முடியும்வரை தொட முடியாது. அவர் பிஷப்பை ஈ6-இல் நட்டு, ராஜாவை ஈ8-இல் உட்காரவைத்தால் போதும். ஜி4, எஃப்5 என்று தள்ளினாலும் அவையும் வெள்ளைக் கட்டங்களே. அவர் பிஷப்பின் வாயில்தான் போய் நிற்கும்.

உங்கள் வெள்ளைக் கட்டப் பிஷப் 6-ஆவது நகர்விலேயே சி6-இல் போய்விட்டது. பிறகு பிஷப், குதிரை ஆகிய சிறுகாய்களில் ஈ6-ஐத் தாக்கக்கூடியது குதிரை மட்டும்தான். டி4, எஃப்4, ஜி5 எங்கே நின்றாலும் அதன் கண் ஈ6 மேல். அதையா கொடுப்பது? பிஷப்புக்குப் பிஷப்பையல்லவா கொடுத்திருக்க வேண்டும்!

1914-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அப்போதைய உலக சாம்பியன் லாஸ்கர், கேப்பபிளாங்காவுக்கு எதிராகச் செய்தது அதுதான். அதுவும் ரூய் லோபஸ், அங்கும் ராணிகள் சீக்கிரமே போயின. கறுப்புக் கட்டப் பிஷப்புகளை மாற்றிவிட்டுக் குதிரையை ஈ6-இல் கொண்டுபோய் உட்காரவைத்தார். கேப்பபிளாங்காவால் அப்புறம் மூச்சுவிட முடியவில்லை.

மனம் தளராதீர்கள். 2000-இல் லண்டனில் உலக சாம்பியன் காஸ்பரோவுக்கே பெர்லின் பிடிகொடுக்கவில்லை. அதை ஆடிய கிராம்னிக்கிடம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் பட்டத்தை இழந்தார். ராணிகளை வைத்துக்கொள்ள 4-ஆவது நகர்வில் சிப்பாயை டி3-க்குத் தள்ளும் வழி இருக்கிறது. ஆனால் இப்போதே அங்கே ஓடாதீர்கள். 22-ஆவது நகர்வுக்கு முந்தைய நிலையை அடுக்கி, குதிரைக்குப் பதில் பிஷப்பை ஜி5-க்கு அனுப்பி ஆடிப் பாருங்கள்.